குளக்கரை வாத்தியார்கள்

*பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். ஏரியைக் காப்பதா, மண்ணடித்து விற்பதா என்று முடிவெடுக்கும் பெரியவர்களுக்கு யார் சொல்லித்தருவது? அந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றியும், செய்ய நினைப்பவர்களுக்காகவும் இந்தச் சிறப்புக் கட்டுரை.*

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே கால் மணி. சென்னைப் பெரும்பாக்கம் சதுப்புநிலத்தின் ஓரத்தில் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். பின்னால் அடுக்குமாடிக் குடியிருப்புகள், முன்னால் முழங்காலளவுத் தண்ணீர். பனி இன்னும் கலையவில்லை. கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் யாருமில்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் நாலைந்து பேர், மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட ஒரு அம்மா, ஆட்டோ ஓட்டுநர் ஒருவர். வழிநடத்தும் பெண்மணி வார நாட்களில் கணக்கு டீச்சர்.

வங்கி அதிகாரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: "மேடம், அந்தச் சாம்பல் கலர் பறவை பேரு என்ன? சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

"பேரு எங்கேயும் ஓடிடாது சார். அஞ்சு நிமிஷம் அதையே பாருங்க. என்ன பண்ணுதுன்னு எனக்குச் சொல்லுங்க."

அவர் பார்க்கிறார். பறவை தண்ணீருக்குள் அலகை விட்டுத் துழாவுகிறது. எதையோ பிடித்து அழுத்துகிறது, தலையை ஆட்டுகிறது, விழுங்குகிறது. "அலகு சரியா மூடலையே, நடுவுல சந்து தெரியுதே" என்கிறார். டீச்சர் கரையில் குனிந்து ஒரு நத்தை ஓட்டை எடுத்துக் காட்டுகிறார். உள்ளே ஒன்றுமில்லை. ஓட்டில் ஒரு விரிசல்கூட இல்லை.

"உடைக்காம எப்படி சார் சாப்பிட்டுச்சு?"

அடுத்த பத்து நிமிடம் வாக்குவாதம். கடைசியில் ஆட்டோக்காரர் சொல்கிறார்: "கீழ் அலகு நுனியை உள்ளே விட்டு அறுத்து இழுக்குதுங்க. பாருங்க, இப்பவும் அதைத்தான் பண்ணுது." அவர் சொன்னது சரி. பறவை ஆய்வாளர்கள் எழுதிவைத்திருப்பதும் அதையே. அதன் பிறகுதான் டீச்சர் பெயரைச் சொல்கிறார்: நத்தைகுத்தி நாரை. நத்தை ஓட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கூட்டம் நகர்கிறது.

இப்படிப்பட்ட வகுப்புகள் இப்போது சென்னை, மதுரை, கோவை, திருநெல்வேலி என்று பல ஊர்களில் நடக்கின்றன. மரம் பார்க்கும் நடை, பறவை பார்க்கும் நடை, இரவில் ஆமை தேடும் நடை, பட்டாம்பூச்சி நடை என வகைகள் உண்டு. நடத்துபவர்களுக்கு இன்னும் நம் ஊரில் ஒரு பதவிப் பெயர் கிடையாது. வேலை மட்டும் மிகப் பெரியது.

பெரியவர்களுக்கு எதற்கு?

கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு இயற்கை முகாம் நடத்தப் பல அமைப்புகள் இருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் நீர்வரத்துக் கால்வாயை மறித்துப் போட்ட மனையை வாங்குவது யார்? வீட்டுக்குள் வந்த சாரையைத் தடியெடுத்து அடிப்பது யார்? "இலை கொட்டுது, வெட்டிடுங்க" என்று மின்வாரிய ஊழியரிடம் சொல்வது யார்? எல்லாம் வளர்ந்தவர்கள். இன்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது முடிவெடுக்கும் இடத்துக்கு வந்துசேர இருபது வருடம் ஆகும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பில், 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 12.5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. இடைப்பட்ட நிலத்தை விற்றவர்களும் வாங்கியவர்களும் அனுமதித்தவர்களும் பிள்ளைகள் அல்ல.

பெரியவர்களுக்குக் கற்பிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. நாற்பது வருடக் கண்கூடான அனுபவமும் அதோடு கலந்த நம்பிக்கைகளும் கூடவே வருகின்றன. சாரையும் நல்லபாம்பும் பிணைந்து ஆடுவதைக் கண்ணால் பார்த்ததாக ஒரு விவசாயி சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. பிணைந்து எழும் இரண்டு பாம்புகளை உண்மையிலேயே பார்த்திருக்கிறார். அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காக ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு வாத்தியார் அலட்சியமாகச் சொன்னால் அந்த விவசாயி மறுநாள் வரமாட்டார். "நீங்க பார்த்தது நிஜம்தான் ஐயா, ரெண்டுக்கும் தலை எப்படி இருந்துச்சு, படம் எடுத்துச்சா?" என்று கேட்டால் அவரே யோசிக்க ஆரம்பிப்பார். பார்வைக்கு மரியாதை, விளக்கத்துக்குக் கேள்வி. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் பாதி இதில் அடங்கிவிடுகிறது.

வந்த வழி

இது நமக்குப் புதிய மரபு அல்ல. இந்தியாவின் பறவை மனிதர் சாலிம் அலிக்குக் கிடைத்த முதல் முறையான இயற்கை வேலையே இதுதான். 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வழிகாட்டி விரிவுரையாளராக அவர் சேர்ந்தார். நம் பக்கம் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950-ல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் எழுதினார். வகுப்பறை இல்லாமல், செய்தித்தாள் வழியாகவே வளர்ந்தவர்களுக்கு அணிலையும் காக்கையையும் யானையையும் பார்க்கக் கற்றுத்தந்தவர் அவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். இந்தப் பாதைக்கு வர நினைப்பவர் முதலில் தேடிப் படிக்க வேண்டிய புத்தகம் அது.

[பெட்டிச் செய்தி: சில மைல்கற்கள்]
1883: பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடக்கம்
1972: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்
1978: மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடக்கம், அதே ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும்
1988: சென்னைக் கடற்கரையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தொடக்கம்
2011: தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடக்கம்
2015: பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு தொடக்கம்

பட்டமா, பழக்கமா?

மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவையியல், தாவரவியல் என்று குறுகிய காலப் படிப்புகள் நடத்துகிறது. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், உள்ளூர் உயிர்களை இனங்காணப் பயிற்சி தரும் படிப்புகளும் இருந்தன. படித்தால் நல்லது. ஆனால் நல்ல வாத்தியார்கள் என்று பெயர் எடுத்தவர்களைக் கவனித்தால், பட்டத்தை விடப் பெரிய ஒன்று அவர்களுக்குப் பொதுவாக இருப்பது தெரியும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள் அவர்கள்.

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். குளம், சுடுகாட்டுத் தோப்பு, ரயில்வே ஓரப் புதர் எதுவானாலும் சரி. வருடம் முழுவதும் வாரம் ஒரு முறையாவது போங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், வானிலை, பார்த்தது என்று எழுதுங்கள். வாலாட்டிக் குருவி எந்த வாரம் வந்தது, புங்கம் எப்போது பூத்தது, எந்த மழைக்குப் பிறகு தவளை கத்தியது என்று ஒரு வருட நோட்டில் ஊரின் காலண்டரே உருவாகியிருக்கும். மழைக்காலத்தை ஒட்டி மைதானங்களின் மேல் கூட்டமாகப் பறக்கும் அந்த மஞ்சள் தட்டான்கள் இந்தியாவிலிருந்து பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்வது ஒன்று. "போன வருஷம் அக்டோபர்ல இதே மைதானத்துல பார்த்தேன், இந்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அந்தச் செய்தியைச் சொல்வது வேறு. கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாவது, தாவரங்கள். பறவையில் தொடங்கிப் பறவையிலேயே நின்றுவிடுபவர்கள் பலர். கேமரா ஒரு காரணம். சீமைக் கருவேலத்துக்கும் நாட்டுக் கருவேலத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் ஏரியைப் பற்றிப் பேச முடியாது. எந்தப் புழு எந்த இலையைத் தின்னும் என்று தெரியாமல் பட்டாம்பூச்சியைப் பற்றிப் பேச முடியாது. கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் புழு அழகிய பட்டாம்பூச்சியாகும் என்பதைத் தன் வீட்டுத் தொட்டியில் பார்த்த ஒரு குடும்பத் தலைவி, அதற்கு மேல் மருந்து அடிக்க மாட்டார்.

மூன்றாவது, உள்ளூர்ப் பெயரும் அறிவியல் பெயரும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே பறவைக்குத் தஞ்சையில் ஒரு பெயர், ராமநாதபுரத்தில் வேறொரு பெயர் இருக்கும். அறிவியல் பெயர் இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய குறிப்பு அடுத்த மாவட்டத்துக்குப் பயன்படாது. உள்ளூர்ப் பெயர் தெரியாவிட்டால் ஊர்க்காரர் உங்களிடம் பேசமாட்டார்.

நான்காவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: பேசாமல் இருப்பது. புதிதாக வழிநடத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு, தெரிந்ததையெல்லாம் முதல் அரை மணியில் கொட்டிவிடுவது. இருநூறு பறவைகளின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனவருக்கு வீட்டுக்குப் போனதும் ஐந்துகூட நினைவிருக்காது. நத்தைகுத்தியை அரை மணி நேரம் பார்த்தவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

பயிற்சிக் களங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவிலிருந்தே கலந்துகொண்டு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதியலாம். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் தன்னார்வலர்களுக்கு முதலில் பயிற்சி தந்து, பிறகு குளம் குளமாக அனுப்புகிறார்கள். சென்னையில் 'நிழல்' அமைப்பின் மர நடைகள் நடக்கின்றன. இவற்றில் இரண்டு மூன்று வருடம் மாணவராக இருந்துவிட்டு வாத்தியார் ஆகுங்கள். அவசரம் வேண்டாம்.

வாத்தியார் என்று நாம் அழைக்காதவர்கள்

2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர் போனார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடியினர், மாசி சடையன், வடிவேல் கோபால். அங்கே காடுகளுக்குள் புகுந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்த மாநிலத்து வனவிலங்குத் துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவர்களை அழைத்திருந்தன. முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். புல் மடிந்திருக்கும் விதம், சட்டை உரித்த தடம், எச்சம் ஆகியவற்றை வைத்து அவர்கள் பாம்பின் வழியைப் படித்ததை அங்குள்ள ஆய்வாளர்கள் உடன் நடந்து கவனித்தார்கள். பட்டம் பெற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் பள்ளிப் படிப்பு இல்லாத இரண்டு பேர். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த அறிவு நம் வாசலிலேயே இருக்கிறது. 1970-களில் பாம்புத் தோல் வியாபாரம் தடைபட்டபோது பிழைப்பை இழந்த இருளர்களுக்காகத்தான் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இன்று இந்தியா முழுவதும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு விஷம் தருவதில் வடநெம்மேலியில் இயங்கும் அந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நகரத்தில் நடக்கும் இயற்கை வகுப்புகளில் ஓர் இருளரோ, மீனவரோ, ஆடு மேய்க்கும் கீதாரியோ முன்னால் நின்று பேசுவது அபூர்வம். அழைத்தாலும் 'தகவல் சொல்பவர்' என்ற இடத்திலேயே உட்காரவைக்கிறோம். இது மாற வேண்டும். வகுப்புக்குக் கட்டணம் வாங்கினால் அதில் உரிய பங்கு அவர்களுக்குப் போக வேண்டும். அழைப்பிதழில் ஆசிரியர் என்றே அவர்கள் பெயர் அச்சாக வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட பாடம்

இயற்கை வகுப்பு என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள். பெரும்பாலோர் கிராமத்தினர், உழைக்கும் வயதினர். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது.

மருந்து ஒரு பக்கம். கடிபடாமல் இருப்பதற்கான கல்வி இன்னொரு பக்கம். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணமானவை நான்கு இனங்கள்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பலருக்கு வலியே தெரியாது. விடியலில் வயிற்று வலி, கண் இமை சொருகல் என்று தொடங்கும். கட்டில், கொசுவலை, கையில் டார்ச் விளக்கு, வரப்பில் நடக்கும்போது காலணி, கடிபட்டால் இறுக்கிக் கட்டாமலும் அறுக்காமலும் நேராக அரசு மருத்துவமனை. இவ்வளவுதான் பாடம். இதை நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மதிய இடைவேளையில் அரை மணி நேரம் சொல்லும் ஒருவர், ஒரு சாவையாவது தடுக்கக்கூடும். கூடவே, சாரை எலியைத் தின்னும் என்பதையும் பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தாது என்பதையும் அவர் சொல்லிவிட்டால் பாம்புகளும் பிழைக்கும்.

[பெட்டிச் செய்தி: வகுப்பு நடத்துமுன்]
• காப்புக்காடு, சரணாலயம் எதுவானாலும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வாங்குங்கள்.
• முட்டை, கூடு, ஆமைக்குஞ்சு எதையும் தொடவைக்காதீர்கள். பாம்பைப் பிடித்துக் காட்டுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் அப்படியே.
• பறவையின் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள்.
• கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.
• தெரியாத உயிரைப் பார்த்தால் "தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், தேடியும் சொல்லுங்கள்.

நோட்டுப் புத்தகம் மலையைக் காக்குமா?

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி. மொட்டைப் பாறைக் குன்றுகள், குளங்கள், சுனைகள், குடைவரைக் கோயில். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலத்தை அரசு அறிவித்தது. அறிவிப்பில் சுமார் 250 பறவை இனங்கள் என்றும், லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு என மூன்று முக்கிய வேட்டைப் பறவைகள் என்றும் குறிப்பிட்டிருந்தது. அந்தப் பட்டியல் அதிகாரியின் மேசையில் முளைத்ததல்ல. ஊர்க்காரர்களும் மதுரைப் பக்கத்து இயற்கை ஆர்வலர்களும் குன்றின் அடியில் நின்று பார்த்துக் குறித்ததன் விளைவு.

இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய நிலப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏல முடிவு வந்தது. அரிட்டாபட்டி இருக்கும் மேலூர் வட்டார மக்கள் வெகுண்டெழுந்தார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெற்றி மக்களின் கால்களுக்கு உரியது. ஆனால் அவர்கள் பேசியபோது கையில் ஆதாரம் இருந்தது. "எங்க மலை அழகா இருக்கும்" என்று சொல்வதோடு நிற்காமல், இன்னின்ன உயிர்கள் இங்கே வாழ்கின்றன, அரசே அதை ஏற்று அறிவித்திருக்கிறது என்று சொல்ல முடிந்தது. பட்டியல் இல்லாத குன்றுகள் நம் மாநிலத்தில் எத்தனையோ கல்குவாரிகளாகிப் போய்விட்டன.

சோறு போடுமா?

நேராகச் சொல்லிவிடலாம்: இதை மட்டுமே நம்பி வாழ்பவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோருக்கு வேறு வேலை இருக்கிறது. சனி, ஞாயிறுகளை இதற்குக் கொடுக்கிறார்கள். சிலர் நிறுவனங்களுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் கட்டண நடைகள் நடத்தி அதில் வரும் பணத்தில் கிராமங்களில் இலவசமாக நடத்துகிறார்கள். என் கருத்தில் இதுவே சரியான வழி. கட்டணம் வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. இலவசம் என்றே பழகிவிட்டால் வசதி உள்ளவர்கள் மட்டுமே வாத்தியாராக முடியும். கூலி வேலைக்குப் போகும் இளைஞர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வர முடியாது.

அரசும் இதில் கைகொடுக்க முடியும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை இந்தத் தலைமுறை மறந்திருக்கலாம். மாலை ஆனதும் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், அதே தெருவைச் சேர்ந்த தொண்டர்கள் தங்கள் அம்மா வயதுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்தார்கள். புதுக்கோட்டையில் அந்தப் பெண்கள் சைக்கிளும் ஓட்டினார்கள். வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது எப்படி என்று தமிழ்நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. அந்த அனுபவத்தை இயற்கைக் கல்விக்குத் திருப்பும் நேரம் இது.

பதிவேடு எங்கே?

இந்தக் கல்விக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் தயாராக இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊரிலுள்ள மரம், செடி, பறவை, மீன், நாட்டு மாடு, விதை, அவற்றைப் பற்றிய மக்களின் அறிவு அனைத்தையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி வரை கெடு விதித்து, தவறினால் அபராதம் என்று நெருக்கியதில் நாடு முழுவதும் பதிவேடுகள் வேகமாக எழுதப்பட்டன. வேகமாக எழுதியவை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. ஊராட்சிக்கு ஒரு குளக்கரை வாத்தியார் இருந்து, ஊரில் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு வருடம் பார்த்து எழுதினால், அந்தப் பதிவேடு உண்மையான ஆவணமாகும். நாளை குவாரி உரிமமோ மனைப்பிரிவோ வந்தால் முதலில் புரட்ட வேண்டிய புத்தகம் அதுதான்.

நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். "எங்கள் ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் இதே கேள்வியை வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். பதிவேட்டில் உங்கள் குளம் இல்லையென்றால், எழுதித்தர நீங்களே முன்வாருங்கள்.